ஒட்டு டிக்கெட்

ஜன்னல் ஓர சீட்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் விமானம் ஏறியதும் தூங்கிவிடுவார்கள். டிக்கெட் போடும் தொழிலில் இத்தனை காலம் தலையை நரைக்க விட்டதில் நான் கண்டுகொண்ட விஷயங்களில் இதுவும் ஒன்று. என் மனைவி அந்த ரகம் இல்லை. நடைபாதை ஓரம்தான் கேட்பாள். எழுந்து போக வேண்டுமானால் பக்கத்து ஆளிடம் கெஞ்சிக்கொண்டு நிற்க முடியாது என்பாள். அவளுக்கு நான் எப்போதும் நடைபாதை ஓரம்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன், இந்தத் தடவையும் சேர்த்து. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் போதும். மின்விசிறியைக் குறைக்க வேண்டாம், இப்படியே இருக்கட்டும். நீங்கள் கேட்டது ஒட்டு டிக்கெட்டைப் பற்றி. அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

தூரத்து ஊருக்கு நேர் விமானம் இல்லையென்றால் நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாற வேண்டும். அதை ஒரே டிக்கெட்டாக எடுத்தால் மாற்றி ஏற்றுவது விமானக் கம்பெனியின் பொறுப்பு. பெட்டி தானாகக் கடைசி ஊருக்குப் போய்விடும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் இடம் கொடுப்பார்கள். அதையே வேறு வேறு கம்பெனிகளில் இரண்டு தனி டிக்கெட்டாக எடுத்து நாமே ஒட்டிக்கொண்டால் சல்லிசாக முடியும். ஆனால் நடுவழியில் உங்களுக்கு நாதி கிடையாது. முதல் கம்பெனியைப் பொறுத்தவரை உங்கள் பயணம் அங்கேயே முடிந்துவிட்டது. இரண்டாவது கம்பெனியைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் கிளம்பவே இல்லை. இமிக்ரேஷனைத் தாண்டி அந்த நாட்டுக்குள் போய், பெல்ட்டில் சுற்றும் பெட்டியை எடுத்துக்கொண்டு, மறுபடி வாசல் பக்கமாக வந்து புது ஆளாக வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே நுழைய விசா கேட்கும் நாடென்றால் விசா இல்லாமல் அந்த வழியில் ஒட்டு டிக்கெட் எடுக்கவே கூடாது. எங்கள் தொழிலில் இது பால பாடம்.

எங்கள் வட்டாரத்தில் என்னை ஒட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெராக்ஸ் கடைக்கும் செருப்புத் தைக்கும் கடைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு, அதுதான் என் ஆபீஸ். பெயர்ப் பலகையைப் பார்த்து வருகிறவர்கள் குறைவு. "ஒட்டுக்காரர்கிட்ட போங்க, பாதி செலவுல போய்ச் சேரலாம்" என்று ஒருவர் சொல்லி ஒருவர் வருவார்கள். நான் ஒட்டிக் கொடுத்த டிக்கெட்டில் யாரும் நடுவழியில் நின்றதில்லை, என் வீட்டு ஆளைத் தவிர.

அவளுக்குப் பல் கட்டும் வேலை. பல் டாக்டர்கள் அளவு எடுத்து அனுப்புவார்கள், இவள் லேபில் உட்கார்ந்து பல் செய்வாள். மெழுகில் செதுக்கி, பல் நிறங்களைக் கோத்த அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அந்த மனிதரின் மற்ற பற்களில் இருக்கும் கறை வரைக்கும் சேர்த்துக் கொண்டுவருவாள். வீட்டுக்கு வரும்போது புருவத்தில் பல் அச்சு வார்க்கும் மாவுத் தூசி இருக்கும். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பாள். பெண் பார்க்கப் போன அன்று என்னைப் பார்த்து அவள் சிரித்தாள் என்று நான் ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் சொன்னாள், என் கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த சிமெண்ட் படு மோசம் என்று.

கெட்டிக்காரி. அதுதான் எனக்கு இருந்த பிரச்சினை, வேறு குறை சொல்ல மாட்டேன். வீட்டில் பல்பு போனால் ஸ்டூலில் ஏறுவது அவள், ஸ்டூலைப் பிடித்துக்கொள்வது நான். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்கும் அவள் என் தோளில் சாய்ந்து அழுததில்லை. இனி வாய்ப்பில்லை என்று டாக்டர் சொன்ன மறுநாள் லேபுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சர்க்கரை உண்டு, தினமும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு தடவையாவது "நீங்க போட்டு விடுங்க" என்று சொல்லியிருக்கலாம். சொன்னதில்லை.

போன வருடம் ஒரு வெளிநாட்டு லேபிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு வாரம் வந்து வேலை செய்து காட்ட வேண்டும், பிடித்திருந்தால் எடுத்துக்கொள்வார்கள். டிக்கெட் நான்தான் போட்டேன். இரண்டு விமானத்துக்கும் நடுவில் விட்ட இடைவெளி கொஞ்சம் இறுக்கம். வாடிக்கையாளருக்கு அப்படிப் போட்டுக் கொடுத்தால் என்னைச் செருப்பால் அடிப்பார்கள். அவளுக்குப் போட்டேன். முதல் விமானம் லேசாகத் தாமதமானது, அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். திரும்பி வந்துவிட்டாள்.

வாசலில் பெட்டியைப் போட்டுவிட்டு என் மேல் சாய்ந்து அழுதாள். சட்டை நனையும் அளவுக்கு அழுதாள். அப்புறம் வெயில் ஏறும் வரை படுத்துக் கிடந்தாள், நான் காபி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இப்ப நான் என்னங்க பண்றது" என்று என்னிடம் கேட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்கிறீர்கள், சொல்கிறேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல வாரம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் அந்த வாரத்தைத்தான் சொல்வேன்.

இந்த வருடம் அதே லேபிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை சோதனை எல்லாம் இல்லை, நேராக வேலை. திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும், வராவிட்டால் அடுத்த ஆளை எடுத்துக்கொள்வோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அவள் சிரித்த சிரிப்பில் அத்தனை பல்லும் தெரிந்தது.

"ஆறு மாசம் பொறுத்துக்கோங்க, உங்களையும் அங்க கூட்டிக்கிறேன்" என்றாள்.

கூட்டிக்கொண்டிருப்பாள். சொன்னதைச் செய்கிற ஆள்தான். ஆனால் அங்கே போய் நான் யார்? காலையில் அவளை வேலைக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிற மனிதன். யோசிக்க யோசிக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் செத்துப்போவேன் என்று நிஜமாகவே நம்பினேன். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். சொல்லியிருந்தால் அவள் போகாமல் இருந்திருப்பாளோ என்னவோ. ஆனால் காலம் முழுக்க அந்த முகத்தை யார் பார்ப்பது? தானாக நடந்தது என்று இருந்தால் யார் மேலும் பழி இல்லை.

"இந்தத் தடவை ஒட்டு வேண்டாங்க, ஒரே டிக்கெட்டாப் போட்டுடுங்க. செலவைப் பத்திப் பரவாயில்ல" என்று அவள் தெளிவாகச் சொன்னாள். ஒரே டிக்கெட்டில் இடமே இல்லை, பள்ளி விடுமுறைக் கூட்டம் என்றேன். இடம் இருந்தது. இரண்டாகப் போட்டேன். போன தடவை மாதிரி இல்லை, இந்தத் தடவை நடுவில் மாறும் ஊர் விசா இல்லாமல் உள்ளே விடாத நாட்டில் இருந்தது. அவளே கேட்டாள், அங்கே விசா வேண்டாமா என்று. மாறிப் போகிறவர்களுக்கு அங்கேயே முத்திரை குத்தித் தருவார்கள் என்றேன். நான் தொழில்காரன், நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

பெட்டி அடுக்கும்போது நானும் கூட உட்கார்ந்து மடித்துக் கொடுத்தேன். ஊசி மருந்துப் பையை அவள் எப்போதும் கைப்பையில்தான் வைத்துக்கொள்வாள். நான் எடுத்துப் பெரிய பெட்டியில் வைத்தேன். "ஊசியைப் பார்த்தா பாதுகாப்புச் சோதனையில குடைவாங்க. நடுவுல எப்படியும் பெட்டி உன் கைக்கு வரப்போகுது, அங்க எடுத்துப் போட்டுக்கோ" என்றேன். அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். ஒட்டு டிக்கெட்டில் பெட்டி நடுவழியில் கைக்கு வரும் என்பது அவளுக்கும் தெரிந்ததுதானே. சரி என்று ஜிப்பை இழுத்து மூடினாள்.

ஊசியைக் கைப்பையில் கொண்டுபோகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அது எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் ஊசி போட்டுக்கொண்டுதான் கிளம்பினாள். முதல் கம்பெனி கவுன்ட்டரில் இருந்தவர் எனக்குப் பழக்கம். இரண்டாவது டிக்கெட்டைக் காட்டினேன், விசா கேட்காமல் ஏற்றிவிட்டார். அவர் பாவம், அவரை இதில் இழுக்காதீர்கள். அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய், நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று ஜாடை காட்டினாள்.

மத்தியானம் போன் வந்தது. இமிக்ரேஷனில் நிறுத்திவிட்டார்கள், விசா இல்லாமல் உள்ளே போக முடியாதாம், பெட்டி அந்தப் பக்கம் பெல்ட்டில் சுற்றுகிறதாம், அடுத்த விமானத்தின் கவுன்ட்டரும் அந்தப் பக்கம்தானாம். குரல் படபடவென்று வந்தது. நான் நிதானமாகப் பேசினேன். ஏதோ புது விதி போலிருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன், மாறிப் போகிறவர்கள் உட்காரும் ஹாலில் போய் உட்கார் என்றேன். போனை வைத்துவிட்டு, அந்த ஹாலுக்குள்ளேயே கவுன்ட்டர் வைத்திருக்கும் இன்னொரு கம்பெனியில், லேப் இருக்கும் ஊருக்கு, அவள் பெயரில் ஒரு சீட்டைப் பிடித்து வைத்தேன். விசாவும் வேண்டாம், பெட்டியையும் அவர்களே எடுத்து ஏற்றிவிடுவார்கள். எங்கள் தொழிலில் ஆள் நடுவழியில் நின்றால் மூளை யோசிப்பதற்கு முன்னால் கை சீட்டைப் பிடித்துவிடும். வீடு திரும்பும் விமானத்திலும் ஒன்றைப் பிடித்தேன். பிடித்து வைப்பதற்குச் செலவில்லை, ஒரு நாள் வரை நிற்கும். காசு கட்டினால் டிக்கெட், கட்டாவிட்டால் தானாகப் போய்விடும்.

உங்கள் கையில் இருப்பது அந்தப் பதிவுதான் என்று தெரிகிறது. நானே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை இரண்டையும் மறுபடி பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமையும் பிடித்தேன். மூன்று நாளும் அவளுக்குப் போகவும் வழி இருந்தது, வரவும் வழி இருந்தது. அக்கறை இல்லாதவன் இதைச் செய்வானா என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

நான் காத்திருந்தது ஒரே ஒரு வார்த்தைக்கு. 'நான் வீட்டுக்கே வந்துடறேங்க' என்று அவள் சொல்ல வேண்டும். சொன்ன மறு நிமிடம் திரும்பி வரும் டிக்கெட்டுக்குக் காசு கட்டியிருப்பேன். கார்டை மேஜை மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அதை மட்டும் சொல்லவில்லை. "திங்கக்கிழமைக்குள்ள போயிடலாம்தானே?" என்றுதான் ஒவ்வொரு தடவையும் கேட்டாள்.

சனிக்கிழமை ஊசியைப் பற்றிக் கேட்டாள். தாகமாக இருக்கிறது, சும்மா சும்மா பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது, அங்கே மருத்துவ அறை ஒன்று இருக்கிறது, போய்க் காட்டட்டுமா என்றாள். அவள் சர்க்கரையை லேபுக்குத் தெரிவிக்கவில்லை, எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர்தான் ஒரு வியாதியும் இல்லை என்று சான்றிதழ் கொடுத்திருந்தார். அதை ஞாபகப்படுத்தினேன். "அங்க போனா பேரு, ஊரு, எல்லாத்தையும் எழுதுவாங்க. அது லேபுக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். சாயங்காலத்துக்குள்ள பெட்டியை உள்ள கொண்டுவரச் சொல்லியிருக்கேன். அது வரைக்கும் ஒண்ணும் சாப்பிடாதே, சாப்பிடாம இருந்தா சர்க்கரை ஏறாது" என்றேன். பெட்டியைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை. சாப்பிடாமல் இருந்தால் ஏறாது என்பதும் பொய். உன் அக்காவிடம் சொல்லாதே, பதறிவிடுவார்கள் என்றும் சொல்லி வைத்தேன்.

ஆனாலும் அவள் அக்காவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. "தம்பி, அவ குரலே சரியில்லையே. ஊசி போட்டாளா, இல்லையா?" என்று எனக்குப் போன் செய்தார்.

"போட்டாச்சுக்கா. அலைச்சல், அவ்வளவுதான்" என்றேன்.

என் வாயிலிருந்து பொய் அவ்வளவு சுலபமாக வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அன்று முழுக்க நானும் சாப்பிடவில்லை. அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கூப்பிட்டபோது குரலில் உயிர் வந்திருந்தது. நாக்கு குழறியது, ஆனால் சந்தோஷம் தெரிந்தது. அந்த ஹாலில் கவுன்ட்டரில் இருந்த பெண் இவள் நிலைமையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு கம்ப்யூட்டரில் தேடியிருக்கிறாள்.

"என்னங்க, என் பேர்லயே ஒரு சீட்டு இருக்குதாம். நீங்கதானே பிடிச்சு வச்சிருக்கீங்க? காசு மட்டும் கட்டினா இப்பவே ஏத்தி விடுறேங்கிறாங்க. நாளைக்குக் காலைல அங்க இருப்பேங்க."

அப்போது எனக்குப் பயம் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டேன் என்ற பயம் இல்லை. போய்விடுவாள் என்ற பயம். இரண்டு நாளாகப் பட்டினி கிடந்து, வாய் காய்ந்து, நாற்காலியில் சுருண்டு கிடந்தும் அவளுக்கு வீட்டு ஞாபகம் வரவில்லையே என்று இருந்தது. நான் சொன்னேன்: "அந்தச் சீட்டுல ஏறாதே. அது உறுதியாகாத சீட்டு. அங்க போய் இறங்கினா திருப்பி அனுப்பிடுவாங்க, அப்புறம் எப்பவுமே உள்ள விட மாட்டாங்க. அவங்களுக்கு விஷயம் தெரியாது. நான் வேற ஏற்பாடு பண்றேன், நீ அங்கயே உட்காரு."

பின்னால் ஏதோ விமானத்துக்கு ஆட்களைக் கூப்பிடும் அறிவிப்பு கேட்டது.

"சரிங்க. நீங்க சொன்னா சரிதான்" என்றாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அந்த வார்த்தையை என்னிடம் சொன்னதில்லை. நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அழுகை அடங்கியதும் அந்தச் சீட்டை ரத்து செய்தேன். வீட்டுக்கு வரும் சீட்டு மட்டும் மிச்சம் இருந்தது. அப்போதே அதற்குக் காசு கட்டி அவளை வரவழைத்திருக்கலாம். இன்னும் ஒரே ஒரு தடவை அவள் அப்படிச் சொல்லிக் கேட்க வேண்டும் போல இருந்தது.

அதற்கப்புறம் அவள் வாந்தி எடுத்தாள். வயிறு வலிக்கிறது என்றாள். போனை வைக்காதே, பேசிக்கொண்டே இரு என்றேன். ஹாலில் ஒரு மூலையில், இரண்டு நாற்காலி சேர்த்துப் படுத்திருப்பதாகச் சொன்னாள். அந்தக் கவுன்ட்டர் பெண் வந்து டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்பது எனக்குக் கேட்டது. "வேண்டாம்னு சொல்லு" என்றேன். வேண்டாம் என்று சொன்னாள். எவ்வளவு பணிவாகச் சொன்னாள் தெரியுமா.

அப்புறம் மூச்சு மாறியது. நீளமாக, ஆழமாக, மலை ஏறுகிறவர்கள் வாங்குவது மாதிரி. நீங்கள் சுற்றி வளைத்து அதற்குத்தான் வருகிறீர்கள், வேண்டாம், நானே வருகிறேன். எனக்கு அந்த மூச்சு தெரியும். கல்யாணமான முதல் வருடம் காய்ச்சலில் ஊசியை விட்டுவிட்டு இதே மாதிரி மூச்சு வாங்கினாள். அப்போது ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார், இந்த மூச்சு வந்தால் மணிக்கணக்கு பார்க்கக் கூடாது, உடனே தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும் என்று. வீட்டுக்காரர் நீங்கள்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

போனைக் காதில் வைத்து அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு தடவை, "வந்துட்டீங்களா" என்றாள். யாரைப் பார்த்து அப்படி நினைத்தாளோ தெரியாது. வந்துட்டேன் என்றேன். அப்புறம் ரொம்ப நேரத்துக்கு வெறும் மூச்சு, அப்புறம் அதுவும் இல்லை. கவுன்ட்டர் பெண் ஓடி வந்து போனை எடுத்து யார் யார் என்று கத்தினாள். நான் வைத்துவிட்டேன். அவள் போனுக்கு அடுத்து வந்த அழைப்பு அவள் அக்காவுடையது. அந்தப் பெண் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

இப்போது தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். இரண்டு டிக்கெட்டாகப் போட்டது தெரிந்தே செய்தது. விசா வேண்டாம் என்று சொன்னது தெரிந்தே. ஊசியைப் பெட்டியில் வைத்தது, டாக்டரிடம் போகாதே என்றது, கையில் இருந்த சீட்டை விட்டது, எல்லாம் தெரிந்தே. கொலை என்று எழுதினாலும் நான் மறுக்கப்போவதில்லை.

அவள் அக்கா கொடுத்திருக்கும் புகாரில் ஒரு வரி இருக்கிறது, தங்கச்சியை முன்பின் தெரியாத ஊரில் அநாதையாக விட்டுவிட்டேன் என்று. அதை மட்டும் அடித்துவிடுங்கள். கடைசி வரைக்கும் லைனில் இருந்தது நான்தான்.